ராசா வேசம் ஏலத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை

மகள் படித்த பள்ளிக்கூடம் தரம் ஐந்தோடு முடிந்துவிடும். வடக்குக் கடற்கரையில், கோயிலுக்குப் பின்பக்கம், ஒரே வரிசையில் ஐந்து வகுப்பறைகள். முன்னால் பாதிச் சுவர் எழுப்பித் தகரம் போட்ட ஒரு மண்டபம். அங்கே ஒரு நாடக ரீச்சர் வந்து ஒன்றரை வருடம் இருந்தார். அவர் போனதற்கு நானும் ஒரு காரணம். ஊரில் கேட்டால் நான் மட்டும்தான் காரணம் என்பார்கள்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கஷ்டத்தால் நின்றேன் என்றால் கேட்பவர்கள் இரக்கப்படுவார்கள். உண்மை அது இல்லை. ஒரு நாள் காய்ச்சலில் போகவில்லை. கடிதம் இல்லாமல் போனால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற பயத்தில் அடுத்த நாளும் போகவில்லை. இரண்டு நாளுக்கு என்ன சொல்வது என்ற யோசனையில் மூன்றாம் நாள். அப்படியே நின்றுவிட்டது. இப்போதும் பள்ளிக்கூடக் கேற்றுக்குள் கால் வைக்க முன் சேலையை இரண்டுமுறை சரிசெய்வேன். அதிபர் "வாங்கோ, இருங்கோ" என்றால்கூட என்ன பிழை பிடித்துவிட்டாரோ என்றுதான் நினைப்பேன்.

ரீச்சருக்கு அரசாங்கச் சம்பளம் இல்லை. பெரிய பள்ளிக்கூடங்களில் தரம் ஆறிலிருந்து நாடகத்துக்கும் நடனத்துக்கும் தனி ஆசிரியர் கொடுப்பார்கள். சின்னப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு ரீச்சரே ஆட்டம் பாட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வலயக் கந்தோரில் அதிபருக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வகுப்பு ரீச்சர்மாரோ புலமைப்பரிசில் வினாத்தாளுக்குள் தலையை விட்டவர்கள். ஆட்டம் பாட்டுக்கு ஒதுக்கிய பாடத்தில் கணக்குச் செய்விப்பார்கள். பிள்ளைகள் சிரித்துப் படிக்க ஒரு பாடமாவது வேண்டும் என்று அதிபருக்கு ஒரு பிடிவாதம். பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த ஒரு பெட்டையைத் தேடிப் பிடித்தார். சண்டிலிப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். சைவக்காரர்; நாங்கள் கத்தோலிக்கர், கடல்தொழில் செய்கிற ஆக்கள். கிழமைக்கு மூன்று நாள் ஸ்கூட்டியில் வருவார். வந்த புதிதில் எங்கள் வீடுகளில் தேத்தண்ணி குடிப்பாரோ என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. குடித்தார். சீனி காணாது என்று கேட்டும் வாங்கினார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அவருடைய சம்பளத்துக்குப் பெற்றோர் மாதம் மாதம் கொஞ்சம் போடுவது என்று பள்ளிக்கூடச் சங்கத்தில் தீர்மானித்தோம். முதல் மாதம் எல்லோரும் போட்டார்கள். நாலாம் மாதம் பாதிப் பேர் ஒளித்துத் திரிந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடம் அதிபர் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பார்த்தார். தண்ணீர்த் தாங்கி கட்டித் தருகிறோம் என்றார்கள். கணினி தருகிறோம் என்றார்கள். கூத்துப் படிப்பிக்கிறவருக்குச் சம்பளமோ என்று கேட்டுவிட்டு, சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பினார்களாம். அதிபர் இதைக் கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஒருவர், "தாங்கியிலை பேர் எழுதலாம் சேர். ரீச்சற்றை முதுகிலை எழுதேலாதே" என்றார். மண்டபம் சிரித்தது. ரீச்சர் அங்கேதான் இருந்தார். அவரும் சிரித்தார். சம்பளம் தருகிறவர்கள் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாது.

மகள் அப்போது தரம் மூன்று. அவளுக்குக் குரல் பெரிசு. "மெல்லக் கதையடி, ஊருக்குக் கேக்குது" என்று சொல்லாத நாள் எனக்கு இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "உன்ரை மேள் சோறு கேட்டால் கடலிலை நிக்கிறவனுக்கும் பசிக்குமடி" என்பா. பகிடிதான். ஆனால் எனக்கு அன்று முழுக்க அதே யோசனையாக இருக்கும்: நாளைக்கு இவளை ஆர் கட்டுவான், போகிற வீட்டில் என்ன சொல்வார்கள் என்று. எட்டு வயதுப் பிள்ளையைப் பற்றி.

ரீச்சர் பிள்ளைகளை வைத்து ஒரு கூத்துப் பழக்கினார். இரைச்சல் தாங்காமல், கடலைப் பேசாமல் இருக்கச் சொல்லி உத்தரவு போட்ட ஒரு ராசாவின் கதை. பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவர் எழுதியது. மெட்டு எங்கள் கரையில் ஆடுகிற கூத்து மெட்டு. ராசாவைத் தெரிந்தெடுத்த விதம் புதுமையானது. வாடைக்காற்று கடலிலிருந்து சீறிக்கொண்டிருந்த ஒரு காலையில் ரீச்சர் கடற்கரைப் பக்கத்து மதிலோடு போய் நின்றுகொண்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக மண்டப வாசலில் நின்று காற்றுக்கு எதிராகப் பாட வேண்டும். யாருடைய சொல் சிதறாமல் மதில்வரை வருகிறதோ, அவர்தான் ராசா.

மகள் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். "அம்மா, நான்தான் ராசா! என்ரை குரல் காத்தை வெட்டிக்கொண்டு வந்ததாம். ரீச்சர் சொன்னவ."

"பொம்பிளைப் பிள்ளை ராசாவோ? சனம் என்ன சொல்லும்?" என்றேன்.

"மீசை வைப்பினம் அம்மா" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் அதிபர் எழுந்து, ரீச்சருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்றார். இனி ஒவ்வொரு வீடும் இரண்டு மடங்கு போட வேண்டும், இல்லாவிட்டால் ரீச்சரை நிற்பாட்ட வேண்டிவரும் என்றார். வாடை தொடங்கிவிட்டால் எங்கள் கரையில் தொழில் இல்லை. என் மனுசன் கூலிக்குப் போவது சம்மாட்டியின் வள்ளத்தில். சம்மாட்டி நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். முன்வரிசையில் கால் நீட்டி இருந்தார். அவருடைய மகன் தரம் ஐந்து. இரண்டு மடங்கு என்றதும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அதிபர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வருவதற்குள் என் வாய் திறந்துவிட்டது. பயம் வந்தால் என் வாய் என்னைக் கேட்காது.

"அப்ப ராசா வேசத்தை ஏலத்திலை விடுங்கோவன்" என்றேன். "திருநாளுக்கு மாங்காய் விடுற மாதிரி."

எங்கள் கோயில் திருநாளில் நேர்த்திக்கு வந்த மாங்காய், தேங்காய், சேவல் எல்லாவற்றையும் ஏலம் விடுவது வழக்கம். ஒரு மாங்காய் ஒரு மூட்டை அரிசியின் விலைக்குப் போகும். எடுத்தவருக்குப் பெருமை, கோயிலுக்கு வருமானம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் தப்பினேன் என்று சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தேன். அப்போது சம்மாட்டி சிரிப்பை நிற்பாட்டிவிட்டு, "பிழை இல்லையே" என்றார். "எங்கடை ஆக்கள் கூத்தாடின காலத்திலையும் ராசாவுக்கு ஆடுறவன்தானே கூடக் காசு போட்டவன்." அதிபர் கொப்பியில் ராசா, மந்திரி என்று எல்லா வேசத்தையும் வரிசையாக எழுதத் தொடங்கினார். எழுதிவிட்டார் என்றால் முடிந்தது. மகள்தான் ராசா என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ரீச்சர் எழுந்து நின்றார். "பிள்ளையளை மீன் மாதிரி ஏலம் கூறப் போறியளோ?"

"பிள்ளையளை ஆர் கூறினது? வேசத்தைத்தானே" என்றார் சம்மாட்டி. "உம்மடை சம்பளத்துக்குத்தான் இவ்வளவும். வேண்டாமெண்டால் சொல்லும், விட்டிடுவம்."

ரீச்சர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

ஏலத்துக்கு இரண்டு நாள் இருக்க அதிபர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். என்ன பிழையோ என்று முதல் நாள் இரவே மகளின் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தேன். போனால் கதிரை தந்து தேத்தண்ணியும் தந்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

"நீங்கள் ஒரு உதவி செய்யவேணும் தங்கச்சி. ராசாவைச் சம்மாட்டிதான் எடுப்பார். எதிர்த்துக் கேக்க ஆளில்லாட்டில் அடிமாட்டு விலைக்கு எடுத்திடுவார். நீங்கள் ரண்டு மூண்டு முறை ஏத்திக் கேட்டு விடுங்கோ. உங்கடை மேள்தானே ராசாவாய் இருந்தவ, ஆரும் சந்தேகப்படாயினம்."

"சேர், அவர் விட்டிட்டால்?"

"அந்தாள் விடுறதோ! தன்ரை பெடியனுக்கு இப்பவே ராசாமுடி செய்யக் குடுத்திட்டார்."

மனுசனிடம் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியை நிலத்தில் குத்தினார்.

"உனக்கென்ன விசரே? ஆற்றை வள்ளத்திலை நான் போறன்?"

"ஏத்தி மட்டும் விடுறதப்பா. எடுக்கிறேல்லை. அதிபர் சொன்னவர்."

"நாளைக்கு அதிபரோ என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்?"

அதிபருக்கு மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒருவருக்கும் சொல்லாத விசயம் ஒன்று இருந்தது. குசினிக்குத் தகரம் போட வைத்திருந்த சீட்டுக்காசு இருபதாயிரம் அலுமாரியில் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. சம்மாட்டி விட்டுவிட்டால் விட்டுவிட்டதுதானே, அவள்தான் ராசா ஆகட்டுமே என்று ஒரு யோசனையும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்குச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது. வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்: "எங்கடை அம்மா எனக்காக ஏலம் கேக்கப் போறா."

ஞாயிறு பூசை முடிந்து சனம் அப்படியே மண்டபத்துக்கு வந்தது. பிள்ளைகள் தரம் தரமாக முன்னால் நிலத்தில் இருந்தார்கள். ஏலம் கூறியவர் எங்கள் மீன் சந்தையில் கூறுகிற அண்ணை. அவருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ரீச்சர். பார்க்கிறவர்களுக்கு அவரையும் சேர்த்துக் கூறப்போகிறார்கள் போல இருந்தது.

"இந்தா, மந்திரி! இப்பத்தான் கரைக்கு வந்த மந்திரி, ஐஸ் போடாத மந்திரி! கேளுங்கோ, கேளுங்கோ! மூவாயிரம்... மூவாயிரத்து ஐஞ்ஞூறு... ஓராந்தரம்... ரண்டாந்தரம்... மூண்டாந்தரம்!"

மூன்றாந்தரம் என்றதும் தரம் மூன்றுப் பிள்ளைகள் முப்பது பேரும் எழுந்து நின்று "ஓம் சேர்" என்றார்கள். மண்டபம் குலுங்கியது. அதுகளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. "இருங்கோடா, உங்களை ஒருத்தரும் வாங்கேல்லை!" என்றார் அண்ணை. மகாராணி போனா. தூதன் போனான். ஒவ்வொரு முறையும் மூன்றாந்தரம் என்னும்போது தரம் மூன்று பாதி எழும்பி, வகுப்பு ரீச்சர் முறைக்க, திரும்ப நிலத்தில் இருந்தது. அதுகள் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: கடைசியில் தங்கள் தரத்தைக் கூப்பிட்டால் தாங்கள் வென்றதாக அர்த்தம்.

"இனி ராசா! ஆற்றை வீட்டிலை ராசா இருக்கு?"

சம்மாட்டி ஒரு விரலைத் தூக்கினார். "பத்து."

அதிபர் என்னைப் பார்த்தார். "பதினொண்டு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"ஆர் கீச்சிட்டது? கோழிக்குஞ்சோ?" என்றார் அண்ணை. "மேளின்ரை வாயிலை கொஞ்சம் கடன் வாங்கிக் கேள் பிள்ளை!"

"பதினொண்டு."

"பதினைஞ்சு" என்றார் சம்மாட்டி, திரும்பிப் பாராமல்.

அதிபர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் இன்னுமொருமுறை பார்த்தார். "பதினாறு" என்றேன்.

சம்மாட்டி இப்போது திரும்பினார். கதிரையை முழுதாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கையைக் கட்டினார்.

"கேக்கட்டும். நல்லாய்க் கேக்கட்டும். இவவின்ரை மனுசனுக்கு நான் குடுக்கிற பங்கு கூடிப்போச்சுப் போலை கிடக்கு."

சனம் சிரித்தது. மனுசனோடு வள்ளத்தில் போகிறவர்கள்தான் பலமாகச் சிரித்தார்கள்.

"பதினாறாயிரம், ஓராந்தரம்" என்றார் அண்ணை.

யாரும் ஏற்றிக் கேட்கவில்லை. அலுமாரிக்குள் இருபது இருக்கிறது என்று ஒரு மனம் சொன்னது. நாளைக்கு மனுசன் கரையில் போய் நிற்க, வள்ளம் அவரை ஏற்றாமல் போகும் என்று மற்ற மனம் சொன்னது. பிறகு குசினித் தகரம். பிறகு, இவள் மேடையில் வரி மறந்துவிட்டால்? அவ்வளவு காசு கொடுத்து மறந்துபோனாள் என்பார்களே. நான் அங்கே நின்று அதையும் யோசித்தேன்.

"ரண்டாந்தரம்."

தரம் மூன்று முழுக்க எழுந்து நின்றுவிட்டது. இந்தமுறை வகுப்பு ரீச்சர் முறைத்தும் அதுகள் இருக்கவில்லை. முன்னால் என் மகள். அண்ணையின் வாயையே பார்த்துக்கொண்டு, தன் தரத்தைக் கூப்பிடுவார் என்று, கூப்பிட்டதும் கத்துவதற்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம்!" என்று கத்தினேன். அப்போது மட்டும் என் குரல் மண்டபத்தின் கடைசிவரை போனது. "எனக்கு வேண்டாம்!"

"ஏலத்திலை அப்பிடி ஒரு சொல் இல்லைப் பிள்ளை" என்றார் அண்ணை. அவர்கூடப் பகிடிவிட மறந்துவிட்டார்.

"நான் சும்மா கேட்டனான். அதிபர்தான் ஏத்திவிடச் சொன்னவர்."

இதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. வேண்டாம் என்றதோடு நின்றிருந்தால் என்னோடு போயிருக்கும். அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தொடங்கினார், துடைத்துக்கொண்டே இருந்தார். சம்மாட்டி எழுந்தார். "ஓகோ! அப்ப என்ரை பதினைஞ்சும் கள்ள ஏத்தல்தானே? நான் முதல் சொன்னது பத்து. பத்துக்குத் தாறதெண்டால் தாங்கோ." மந்திரியை எடுத்தவர், "அப்ப எனக்கும் ஆரும் ஏத்தினவையோ?" என்றார். தூதனை எடுத்தவர் தனக்கும் குறைக்கச் சொன்னார். மகாராணியின் தகப்பன் தனக்கு மகாராணியே வேண்டாம் என்றார். ரீச்சரின் சம்பளம் மாதம் மாதமாக அவர் கண்ணுக்கு முன்னால் கழிந்துகொண்டிருந்தது. அவர் மடியில் இருந்த கூத்துக் கொப்பியின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தார். மகள் என்னைப் பார்க்கவில்லை. ரீச்சரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் சொன்னாள். "எங்களிட்டைக் காசு இருந்தது அம்மா. அலுமாரியிலை நான் கண்டனான்."

அடித்தேன். அலுமாரிக்குள் கை வைத்ததற்கு என்று அவளுக்குச் சொன்னேன்.

மனுசனின் வேலை போகவில்லை. அதுதான் பெரிய கேலி. சம்மாட்டி அடுத்த நாள் கரையில் அவரைக் கண்டு, "உன்ரை மனுசி நல்ல பகிடிக்காரியடாப்பா" என்று தோளில் தட்டினாராம். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. நான் யோசிக்காததுதான் நடந்தது. திங்கட்கிழமை இடைவேளைக்குள் பிள்ளைகள் மகளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "வேண்டாம்! இஞ்சை வா." "வேண்டாம்! பந்தை எடுத்துத் தா." ஒரு நாள் மகளைக் கூட்டிவரப் பிந்திப்போய்க் கேற்றில் நின்றபோது, ஒரு சின்னப் பெட்டை உள்ளே திரும்பி, "வேண்டாமின்ரை அம்மா வந்திருக்கிறா" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தப் பிள்ளை கேலிக்குச் சொல்லவில்லை. அதுதான் பெயர் என்று நினைத்திருந்தது.

ராசா பத்தாயிரத்துக்குச் சம்மாட்டி வீட்டுக்கே போனது; கூத்தில் மகளுக்கு அலை கொடுத்தார்கள். பன்னிரண்டு அலைகளில் ஓர் அலை. நீலத் துணியைப் பிடித்துக்கொண்டு இரைய வேண்டும். ராசா உத்தரவு போட்டதும் அடங்க வேண்டும். சம்மாட்டியின் மகன் பாவம், கெட்ட பெடியன் இல்லை. ஆனால் குரல் தொண்டைக்கு வெளியே வராது. ரீச்சர் அவனை வாசலில் நிறுத்தி மறுபடி மறுபடி பாடவைத்தார். "இன்னும் பலமாய் ராசா" என்று அவர் கேட்க, "அப்பா காசு குடுத்தவர் ரீச்சர்" என்றானாம். கத்தத் தேவையில்லை என்ற அர்த்தத்தில்.

கூத்தன்று மைக்கை அவன் நெஞ்சில் குத்திவிட்டார்கள். அது காற்றையும் அவன் மூச்சையும்தான் பாடியது. பின்னுக்கு இருந்து "சத்தமாய்!" என்றார்கள். வள்ளக்காரர் விசில் அடித்தார்கள். நான் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு பிள்ளைகள் வாயைப் பிளந்து இரைந்தார்கள். மகளும் வாயைப் பிளந்தாள், துணியை ஆட்டினாள், தலையையும் ஆட்டினாள். சத்தம் வரவில்லை. அவளுடைய குரல் அதற்குள் இருந்திருந்தால் எனக்குத் தெரியும். ரீச்சருக்கும் தெரிந்தது. மேடையின் ஓரத்தில் நின்று தன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முடிவில் சம்மாட்டிக்குப் பொன்னாடை போர்த்தி, கலையை வாழவைத்தவர் என்று அதிபர் பேசினார். ரீச்சரின் பெயரைச் சொல்லவில்லை. நேரமில்லை என்று நினைக்கிறேன்.

ஏலக்காசு பாக்கிச் சம்பளத்துக்கே சரியாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் ரீச்சருக்கென்று கொடுக்கவில்லை. வீட்டுக்கு வீடு கேட்கப் போன அதிபரிடம், "ஏத்திக் கேக்கிற ஆளைப் பிடியுங்கோ சேர்" என்று சொல்லிக் கேற்றைச் சாத்தினார்கள். ரீச்சர் மூன்று மாதம் சும்மா வந்தார். பெற்றோல் காசாவது தாருங்கள் என்று கேட்டதாகவும் கதை. பிறகு பருத்தித்துறைப் பக்கத்தில் ஏதோ ஒரு கந்தோரில் கோப்பு அடுக்கும் வேலை கிடைத்துப் போனார். அந்தப் பாடத்தில் இப்போது கணக்கு.

அவருடைய கடைசி நாளில் பிள்ளைகள் காகிதத்தில் பூ ஒட்டிக் கொடுத்தார்களாம். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, சட்டையை மாற்றிவிட்டுக் குசினிக்குள் வந்து இருந்தாள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"நீயும் பூக் குடுத்தனியோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஒரு கேள்வி கேட்டனான்."

"என்ன கேட்டனி?"

"நீங்கள்தானே என்னை ராசா எண்டு சொன்னனீங்கள். பேந்து ஏன் அண்டைக்கு ஒண்டும் சொல்லாமல் கதிரையிலை இருந்தனீங்கள் எண்டு கேட்டனான்."

கத்தியைக் கீழே வைத்தேன். "அதுக்கு ரீச்சர் என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. உங்களுக்குக் காசு வேணுமெண்டபடியாலோ எண்டு நானே கேட்டனான்."

"எல்லாற்றை முன்னாலையுமோ?"

"ஓம்."

"அழுதவவோ?"

"ஓம். கனக்க அழுதவ." அவள் குரல் மெல்லிசாக இருந்தது. முன்பெல்லாம் நான் கெஞ்சிக் கேட்ட அதே மெல்லிய குரல்.

கண்டிக்க வேண்டிய இடம் அது. சம்பளமில்லாமல் மூன்று மாதம் வந்த மனுசியிடம் அப்படிக் கேட்கலாமோ என்று தாய் சொல்ல வேண்டும். போய் மன்னிப்புக் கேள் என்று சொல்ல வேண்டும். ஸ்கூட்டி அப்போதும் கேற்றடியில்தான் நின்றிருக்கும், ஓடினால் பிடித்திருக்கலாம். எனக்கோ நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்துவிட்டது போல இருந்தது. அந்த மண்டபத்தில் அன்று அவள் ரீச்சரைத்தான் பார்த்தாள், என்னை இல்லை. என் பிள்ளையின் கணக்கில் பிழைகாரி நான் இல்லை.

"சரி, போய்க் கையைக் கழுவு" என்றேன். மனுசனுக்கென்று எடுத்துவைத்த இரண்டு பெரிய துண்டுகளையும் அவளுக்கே பொரித்துப் போட்டேன். அவள் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்து முள் எடுத்துக் கொடுத்தேன்.